கட்டச் சொல்லித்தருகிறோம், பிரிக்க யார் சொல்லித்தருவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதி ஊருணிக் கரையில் கட்டட இடிபாடுகளை இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்று படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். நீர்நிலைமேல் காட்டிய அக்கறைக்கு நன்றி. கொட்டியவர்களுக்கு அபராதம் போடவேண்டும் என்று அதில் கருத்துச் சொன்னவர்கள் அனைவரும் கேட்டிருந்தார்கள். போடட்டும். ஆனால் அந்தக் குவியலில் என்ன கிடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். என் தந்தை கொத்தனார். செய்தி வந்த மறுநாள் காலை ஊருணிக் கரைக்குப் போய்க் குவியலைக் கிளறிப் பார்த்தேன். அடியில் கையால் அறுத்துச் சுட்ட பழைய செங்கற்கள், பாதிக்குமேல் முழுக்கற்கள். அவற்றில் ஒட்டியிருந்தது சுண்ணாம்புக் காரை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே உதிர்ந்தது. அவற்றின்மேல் சீமை ஓடுகள், பெரும்பாலானவை விளிம்பு மட்டும் உடைந்தவை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்கள் சில, பூ வேலைப்பாட்டோடு. சூளையில் வைக்காமல், கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் வார்த்து, நீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. இன்றும் ஆத்தங்குடியில் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். இவை எல்லாவற்றோடும், பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய அறையின் கான்கிரீட் துண்டுகள், கம்பி உருவப்பட்டு. கூடவே பிளாஸ்டிக் குழாய், அறுந்த மின்கம்பி, நொறுங்கிய ஆஸ்பெஸ்டாஸ் தகடு.

அந்தச் செங்கல்லைத் தட்டிச் சுத்தம் செய்தால் ஒரு சுற்றுச்சுவர் எழுப்பலாம். உடைந்தவற்றை ஜல்லியாக உடைத்து, சுண்ணாம்பு சேர்த்து மொட்டைமாடித் தளம் போடலாம். நம் ஊர் வீடுகளின் தலைக்குமேல் வெயிலைத் தாங்கி நிற்பது காலங்காலமாக அந்தச் செங்கல் ஜல்லித் தளம்தான். சரியாக வேகாத கல்லை இடித்துச் சலித்தால் சுருக்கி என்ற செங்கல் தூள் கிடைக்கும். சுண்ணாம்போடு கலந்தால் ஈரத்திலும் இறுகும் சாந்து. ஓடுகளின் பயனைப் பின்னால் சொல்கிறேன். குவியலில் உண்மையிலேயே கழிவு என்று ஒதுக்கவேண்டியது ஆஸ்பெஸ்டாசும் பிளாஸ்டிக்கும்தான். அவை மற்றவற்றோடு கலந்ததால் எல்லாமே கழிவாகிப்போனது.

கலந்ததற்குக் காரணம் பொக்லைன். காலையில் வந்து இரண்டு தலைமுறை வாழ்ந்த வீட்டை மாலைக்குள் தரையோடு தரையாக்கிவிட்டது. மரமும் இரும்பும் விலைபோகும் என்பதால் அவற்றை மட்டும் முன்னதாகக் கழற்றிக்கொண்டார்கள். மீதியைப் பிரித்தெடுக்க ஆள் இல்லை, நேரம் இல்லை, பிரிக்கத் தெரிந்த மேற்பார்வையாளரும் இல்லை. மூன்றாவதுதான் என் கவலை. ஏனென்றால் மேற்பார்வையாளர்களை உருவாக்கி அனுப்பியவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்கள்.

சிவில் பட்டயப் படிப்பில் கடைக்கால் தோண்டுவதிலிருந்து கைப்பிடிச்சுவர் கட்டுவது வரை சொல்லித்தருகிறோம். ஒரு கனமீட்டர் சுவருக்கு ஏறத்தாழ 500 செங்கல், இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை மணல் என்று மாணவன் மனப்பாடமாகச் சொல்வான். அதே சுவரைப் பிரித்தால் எத்தனை கல் முழுதாகத் திரும்பிவரும் என்று கேளுங்கள், விழிப்பான். என் பணிக்காலத்தில் நான் நடத்திய பாடங்களில் இடிப்பு என்பது பாதுகாப்பு விதிகளோடு சேர்த்துச் சில பக்கங்களில் முடிந்துபோகிற விஷயம். அதிலிருந்து தேர்வில் கேள்வி வந்தால் ஐந்து மதிப்பெண்.

காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனால் உங்கள் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். பர்மா தேக்குத் தூண், நிலைவாசல், ஜன்னல், கண்ணாடி, பீங்கான், பித்தளைக் குமிழ் என்று பழைய செட்டிநாட்டு வீடுகளின் உறுப்புகள் கடை கடையாக நிற்கின்றன. வீட்டைப் பிரித்து விற்பது இங்கே ஒரு முழுத் தொழில். பங்காளிகள் இருபது பேர், ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், மராமத்துச் செலவுக்கு யாரும் உடன்படவில்லை, கடைசியில் வீடு பிரிப்புக்குப் போகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அந்த ஊர்களின் வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்பதே என் ஆசை. ஒழுகும் ஓட்டை மாற்றி, செல்லரித்த சட்டத்துக்கு ஒட்டுப்போட்டு, வீட்டை இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கவைப்பதைவிடச் சிறந்த மறுபயன்பாடு எதுவும் கிடையாது. அதற்கு வழியே இல்லை என்றாகி வீடு இறங்குகிறபோது, அதை இறக்கத் தெரிந்த மேஸ்திரிகள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது படிப்பு. அந்தப் படிப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில், மூன்றாமாண்டு மாணவர்களை அப்படி ஒரு பிரிப்பு வேலைக்கு அழைத்துப் போனேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு சிறிய வீடு. முற்றமும் இரண்டு தாழ்வாரப் பத்தியும் மட்டும். மாணவர்களை முதலில் ஏணிப்பக்கமே விடவில்லை. டேப்பும் நோட்டுமாக உட்காரவைத்து வீட்டின் அளவுப் படத்தை வரையச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு தூணுக்கும் சட்டத்துக்கும் நிலைக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணைப் படத்திலும் மரத்திலும் எழுதச் சொன்னேன். கட்டட வரைபடப் பாடத்தில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் புரியாத குறுக்குவெட்டுத் தோற்றம், வீட்டுக்குள் நின்று வரைந்தபோது பையன்களுக்குப் புரிந்தது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளை இப்படித்தான் பிரித்துக் கொண்டுபோய்த் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். வாய்ப்புள்ள ஆசிரியர்கள் மாணவர்களை அங்கே அழைத்துப்போய், சுற்றுலாவாக இல்லாமல், மூட்டு மூட்டாகக் காட்டவேண்டும்.

வேலையை நடத்திய மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில்தான் இறக்கவேண்டும் என்பது அவருக்கு விதி. கடைசியில் வைத்தது முதலில் இறங்கும்: ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், தூண், பிறகு சுவர். சுவரை ஒருபோதும் அடியில் குடைந்து சாய்க்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 4130 என்ற இடிப்புப் பாதுகாப்பு விதித்தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. மேஸ்திரி அதைப் படித்தவர் இல்லை. ஒரு மாணவன் அவசரப்பட்டுச் சுத்தியலைச் செங்கல்மேல் இறக்கினான். "கல்லை அடிக்காதே தம்பி, காரையை அடி. கல் தானாக வரும்" என்றார். வந்தது.

அங்கே செங்கல் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு சித்தாள் அம்மா. இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதுவார்; கணீரென்று கேட்டால் வலப்பக்கம், மந்தமாகக் கேட்டால் இடப்பக்கம். உப்புப் பூத்த கல்லைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கினார். மாணவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சில கற்களைக் கல்லூரிச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துவந்தார்கள். உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மறுபடி எடைபோட்டார்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்குமேல் நீர் குடிக்கக் கூடாது என்பது தரவிதி. மூன்று கிலோக் கல் என்றால் 600 கிராம். அந்த அம்மா வலப்பக்கம் வைத்தவை தேறின, இடப்பக்கம் வைத்தவை தேறவில்லை. அன்று மாலை மாணவர்கள் அவரிடம் போய், "அக்கா, எங்களுக்கும் அந்தச் சத்தத்தைப் பழக்கிக்கொடுங்கள்" என்று கேட்டார்கள். என் ஆசிரியப் பணியில் நான் பெரிதாக மதிக்கிற நாள்களில் அது ஒன்று.

இந்தப் பிரிப்புப் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாணவர்களின் பாதுகாப்பு, காப்பீடு, மதிப்பெண் கணக்கு என்று பல காரணங்கள் சொன்னார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள், எல்லாவற்றுக்கும் தீர்வும் உண்டு. ஆனால் கோப்பு நகரவில்லை.

பிரிக்கக் கற்ற மாணவன் கட்டுவதும் மாறுகிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. அதனால் நூறாண்டு கழித்தும் கல் முழுதாகக் கழன்றுவருகிறது. இன்று பயத்தில் சிமெண்டை அள்ளிப் போட்டுக் கெட்டிச் சாந்தில் கட்டுகிறோம். அந்தச் சுவரைப் பிரித்தால் சாந்து விடாது, கல்தான் உடையும். ஒன்பது அங்குலச் சுவருக்கு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவை தாராளமாகப் போதும். அதிலும் ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்தால் வேலைக்கும் நெகிழ்வு, பின்னால் பிரிக்கவும் எளிது. இதைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். சிமெண்டுச் சாந்தில் கட்டிய ஒரு துண்டுச் சுவரையும் காரையில் கட்டிய ஒரு துண்டுச் சுவரையும் தங்கள் கையால் பிரித்த பிறகுதான் கேள்வி கேட்டார்கள். கதவு நிலையை ஏன் சாந்தில் புதைக்கிறோம், குழாயை ஏன் சுவருக்குள் ஒளிக்கிறோம், ஆணிக்குப் பதில் திருகாணி போட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

சீமை ஓட்டுக்கு வருகிறேன். கூரைக்கு உதவாத பழைய ஓட்டைக் கான்கிரீட் தளத்துக்குள் வைக்கலாம். தளம் பாரம் தாங்கி வளையும்போது அதன் மேற்பகுதி நெரிகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுவிசையைத் தாங்குவது கம்பி; கம்பிகளுக்கு இடையில் இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் எடையை மட்டும் கூட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த இடத்தில் ஓட்டை வைத்து வார்த்தால் கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, இரண்டு ஓடுகளை இணைத்து வைத்தால் இடையில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் கட்டிய வீடுகளில் இந்த நிரப்புத் தளத்தைப் பரவலாகப் பயன்படுத்தினார். எலிப்பொறிக் கட்டு என்று செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்து உள்ளே இடைவெளி விட்டு அவர் எழுப்பிய சுவர்களில் ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும். நிரப்புத் தளத்தின் கம்பி இடைவெளியையும் ஓட்டின் இடத்தையும் பொறியாளர் கணக்குப் போட்டே தரவேண்டும்; விட்டத்தை ஒட்டியும் தாங்குமிடங்களிலும் ஓடு வரக் கூடாது. அந்தக் கணக்கைப் போடுகிற மாணவனுக்கு, நெரியும் பகுதிக்கும் இழுபடும் பகுதிக்கும் இடைக்கோடான நடுநிலை அச்சு என்ற பாடம் ஆயுளுக்கும் மறக்காது. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஒன்றியத்துக்கு ஒரு வீடாவது பழைய ஓடு வைத்த நிரப்புத் தளத்தில் மாதிரியாகக் கட்டிக் காட்டினால், பயனாளிகள் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

எதையும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. உடைத்தெடுத்த கம்பியை நிமிர்த்திப் புது உத்திரத்தில் வைக்கிறார்கள், அது ஆபத்து. வளைத்து நிமிர்த்திய கம்பி உள்ளுக்குள் விரிசல் கண்டிருக்கும், துருவும் ஏறியிருக்கும். அது உலைக்குப் போய் உருகி வரவேண்டியது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவே கூடாது. அதன் நார் நுரையீரலில் போய்த் தங்கும். பழைய கதவின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகச் சுரண்டாமல் ஈரப்படுத்திச் சுரண்டவேண்டும். கரையான் ஏறிய மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாரம் தாங்க வைக்கக் கூடாது. எது ஆகும், எது ஆகாது என்று சொல்லத் தெரிவதுதான் இந்தப் படிப்பின் பாதி.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016-இல் வந்த மத்திய அரசின் கட்டுமான, இடிப்புக் கழிவு விதிகளின்படி, ஒரே நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு பணியில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குகிறவர் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–சாந்து என்று வகைபிரித்து வைக்கவேண்டியிருந்தது. அவற்றின் இடத்தில் 2025-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 அவற்றின் தொடக்க நாள். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை அரைத்து ஜல்லியும் மணலுமாக்கும் ஆலைகள் உள்ளன. ஆனால் ஆலைக்குப் போவதற்கு முன்பே பிரித்தாகவேண்டும் என்பதற்குக் கணக்கே சாட்சி. ஐ.எஸ். 383 தரவிதியின் 2016 பதிப்பு, சுத்தமான பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை, எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கிறது; கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். செங்கல்லும் ஓடும் கலந்த இடிபாட்டு ஜல்லி என்றால் அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டோடு சரி. பொக்லைன் ஓட்டுநர் அரைமணி நேரம் பொறுத்திருந்தால், அதே பொருள் ஒரு படி மேலே போயிருக்கும்.

இந்தப் பொருளெல்லாம் முதலில் எப்படி வந்தது என்பதையும் மாணவனுக்குச் சொல்லவேண்டும். சுண்ணாம்புக்கல் நூறு கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. இது எரிபொருளின் புகையைச் சேர்க்காத கணக்கு. சிமெண்டுச் சூளையில் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். செங்கல்லுக்கு வயல்மண்ணும் விறகும் நிலக்கரியும் போகின்றன. ஏற்கெனவே சுட்டு முடித்த ஒரு கல்லைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றைச் சுடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-இல் 'ரூரல் ஸ்டுடியோ' என்ற பயிற்சியைத் தொடங்கியது. சாமுவேல் மாக்பீ என்ற கட்டடக்கலை ஆசிரியர் தம் மாணவர்களை வறுமை மிகுந்த ஓர் ஊர்ப்புறத்தில் தங்கவைத்து, அங்குள்ள மக்களுக்கே வீடும் சமுதாயக் கூடமும் கட்டவைத்தார். பழைய டயர், காரின் முன்கண்ணாடி, கழித்துப்போட்ட தரைவிரிப்புத் துண்டுகள் அவர்களுக்குக் கட்டுமானப் பொருளாயின. நமக்குக் கார்க் கண்ணாடி தேவையில்லை. நம் தெருக்களில் தேக்கும் செம்புராங்கல்லும் கிடக்கின்றன.

ஆகவே அரசுக்கு, குறிப்பாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும், ஒரே ஒரு கோரிக்கை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் தமிழகம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்துவருகிறார்கள். செய்யவேண்டிய வேலை. எங்கள் பக்கத்துக் கிராமத்திலும் ஒரு ஓட்டுக் கட்டடம் அப்படி ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் மரத்தையும் ஓட்டையும் ஏற்றிக்கொண்டு, மீதியைக் கண்மாய் ஓரம் தள்ளிவிட்டார். இனி இப்படி இறங்கும் கட்டடங்களில், உறுதி சோதிக்கப்பட்டுப் பாதுகாப்பாகப் பிரிக்கத்தக்கவை என்று பொதுப்பணித்துறை சான்றளிப்பவற்றை, ஏலத்துக்கு முன் அருகிலுள்ள பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ பயிற்சிக்களமாகக் கொடுங்கள். கூரையையும் உயரத்து வேலையையும் தேர்ந்த மேஸ்திரிகள் இறக்கட்டும். அளவெடுப்பது, எண்ணிடுவது, தரம் பிரிப்பது, சோதிப்பது, கணக்கெழுதுவது மாணவர் வேலை. தேறிய செங்கல்லில் அதே பள்ளிக்கு ஒரு சைக்கிள் நிறுத்தமோ, மரத்தடியில் மேடையோ, சுற்றுச்சுவரோ அவர்களே கட்டட்டும். நான் முதல்வன் திட்டத்தில் எத்தனையோ குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன; இதையும் ஒன்றாகச் சேர்த்துச் சான்றிதழ் கொடுங்கள். அந்த மேஸ்திரிக்கும் சித்தாள் அம்மாவுக்கும் வருகைதரு பயிற்றுநர் என்று நியமன ஆணை கொடுத்து, மதிப்பூதியமும் கொடுங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அவர்களின் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை.

காரைக்குடி வட்டாரத்தில் எந்தக் கல்லூரியாவது முன்வந்தால் செங்கல் சோதனை, சுண்ணாம்புச் சாந்து, நிரப்புத் தளம் ஆகிய பாடங்களை நான் ஊதியமின்றி நடத்தித் தருகிறேன். பிரிப்பு வேலைக்கு இரண்டு மேஸ்திரிகளிடம் பேசிவைத்திருக்கிறேன்; அவர்களுக்கு மட்டும் நாள்கூலியும் மதியச் சாப்பாடும் கல்லூரி தரவேண்டும். உங்கள் நாளிதழ் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர் (சிவில்),
காரைக்குடி.